மாமாவின் உண்டியலும் நண்பரின் சேமலாப நிதியும்: இலங்கை, 2022 – 2024

2023 ஜூன் கடைசி வாரம் கொக்குவிலில் இருந்து மாமா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பாங்குகளை அஞ்சு நாளுக்குப் பூட்டுறாங்களாம். காசைப் பிடிச்சுப் போடுவாங்களோ?" குரல் தளர்ந்திருந்தது. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் 31 வருடம் உழைத்துச் சேர்த்த சேமலாப நிதி (சம்பளத்தோடு மாதாமாதம் சேரும் ஓய்வுகாலச் சேமிப்பு) முழுவதும் அப்போது திறைசேரி உண்டியலில் கிடந்தது. அந்த வழியைக் காட்டியவன் நான்தான். "அரசாங்கத்துக்குக் கொடுக்கிற கடன், ஆபத்துக் குறைவு" என்று 2022 ஜனவரியில் சொல்லியிருந்தேன்.

அந்தச் சொல் எவ்வளவு தூரம் உண்மையாக இருந்தது, எங்கே பிழையானது என்பதை மாமாவின் கணக்கை வைத்தே பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். தொகைகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். வட்டி வீதம், பணவீக்கம், திகதிகள் எல்லாம் உள்ளபடியே இருக்கின்றன.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். திறைசேரி உண்டியல் (இந்தியத் தமிழில் கருவூல உண்டியல்) என்பது அரசு மிகக் குறுகிய காலத்துக்கு வாங்கும் ரூபாக் கடன். இலங்கையில் 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று தவணை உண்டு. 1923ஆம் ஆண்டின் உள்ளூர்த் திறைசேரி உண்டியல்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்டு வந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் ஏலம் நடக்கும், வெள்ளிக்கிழமை காசு கைமாறும். இடையில் வட்டி என்று எதுவும் வராது. 100 ரூபா உண்டியலைக் குறைந்த விலைக்கு வாங்குகிறீர்கள், தவணை முடிகிற நாளில் முழு 100 ரூபா வருகிறது. அந்த வித்தியாசம்தான் வட்டி. வருடத்துக்கு 8.3 சதவீதம் என்றால் 364 நாள் உண்டியலின் விலை ஏறத்தாழ 92 ரூபா 34 சதம். அதே கணக்கில் 91 நாள் உண்டியலுக்கு 32 சதவீதம் என்றால் 92 ரூபா 59 சதம். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான், காலம்தான் வேறு. இந்த ஒற்றுமையை மாமாவுக்கு விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது.

சொல்லிலும் ஒரு சிக்கல் இருந்தது. யாழ்ப்பாணத்தில் உண்டியல் என்றால் கோயில் உண்டியல், இல்லாவிட்டால் வங்கிக்கு வெளியே வெளிநாட்டுக் காசு அனுப்புகிற உண்டியல். முதல்முறை கேட்டபோது மாமி பயந்துவிட்டார். "அது சட்டவிரோதம் எல்லோ?" என்றார். படித்த வீடுகளில்கூட இந்தப் பெயர் தெரியாமல் இருப்பதற்கு வங்கிகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கிளைக்குப் போய்க் காசு கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னால் நிலையான வைப்புக்குத்தான் படிவம் நீட்டுவார்கள். உண்டியலை நாமாகக் கேட்க வேண்டும்.

2022 ஜனவரி 21: இரண்டு பாதி

மாமாவுக்கு 55 வயது முடிந்து சேமலாப நிதி கையில் வந்தபோது நாட்டின் நிலை ஏற்கெனவே மோசமாகிக்கொண்டிருந்தது. டொலர் தட்டுப்பாடு, பால்மாவுக்கு வரிசை. ஆனாலும் டொலர் ஒன்று சுமார் 203 ரூபாவில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. வட்டி வீதங்களும் அப்படித்தான். 2020 கடைசியில் 364 நாள் உண்டியல் 5 சதவீதத்துக்கு விற்றது. 2022 ஜனவரியில் அது 8 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது.

எங்களிடம் 40 இலட்சம் ரூபா. பாதியை 364 நாளுக்கும் பாதியை 91 நாளுக்கும் போட்டோம். இதில் பெரிய திட்டம் எதுவும் இருக்கவில்லை. மகளின் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, அதற்கு ஒரு பகுதி கிட்டத்தில் கிடைக்க வேண்டும் என்று மாமி சொன்னார். அவ்வளவுதான். ஆனால் நான்கு 91 நாள் சேர்ந்தால் சரியாக 364 நாள் என்பதால், அடுத்த இரண்டு வருடத்தில் இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று அளவுகோலாகிவிட்டன. ஒரே ஆள், ஒரே அரசு, ஒரே நாளில் தொடக்கம். தவணை மட்டும் வேறு.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். மார்ச் மாதம் ரூபாவை மிதக்கவிட்டார்கள். மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாவுக்குப் போனது. ஏப்ரல் 7ஆம் திகதி நந்தலால் வீரசிங்க மத்திய வங்கி ஆளுநராகப் பதவியேற்று, அடுத்த நாளே கொள்கை வட்டி வீதங்களை ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதிலிருந்து பத்தாம் நாள், ஏப்ரல் 22, மாமாவின் முதல் 91 நாள் உண்டியல் முடிந்தது. முழுத் தொகையும் கணக்குக்கு வந்தது. மாமா கொஞ்சம் காசை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பினார். நான் மறுத்தேன். புதிய உண்டியல் 20 சதவீதத்துக்கு மேல் போயிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் 8, இப்போது 20. "ஏன் இப்பிடிக் குடுக்கிறாங்கள்? ஏதோ பிழை இருக்கு" என்றார் மாமா. அவர் கேட்டது நியாயமான கேள்வி. வட்டி அந்த அளவுக்கு ஏறினால் கடன் கொடுப்பவர்கள் பயப்படுகிறார்கள் என்றுதான் அர்த்தம். பணவீக்கத்துக்கும் பயம், கடன் மறுசீரமைப்புக்கும் (வாங்கிய கடனின் தவணையையோ வட்டியையோ அரசு பிறகு மாற்றுவது) பயம். சந்தை அந்தப் பயத்துக்கு விலை போட்டிருந்தது.

ஜூலை

அந்த ஜூலையை மறக்க முடியாது. ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. முந்திய டிசம்பரில் அது 177. அதுவும் இரண்டு நாள் வரிசையில் நின்றால்தான் கிடைக்கும். ஜூலை 9ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. 13ஆம் திகதி ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனார், அடுத்த நாள் பதவி விலகினார்.

அந்த நடுவில் மாமிக்குக் கண்ணில் சத்திர சிகிச்சை உடனே செய்ய வேண்டும் என்று வந்தது. மூன்று இலட்சம் தேவை. 364 நாள் உண்டியலில் ஒரு பகுதியை விற்கலாமா என்று விசாரித்தேன். விற்கலாம், உண்டியலை எப்போதும் இரண்டாந்தரச் சந்தையில், அதாவது ஏற்கெனவே வெளியான உண்டியல்கள் கைமாறுகிற சந்தையில், விற்க முடியும். ஆனால் விலையைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. 92 ரூபா 34 சதத்துக்கு வாங்கிய உண்டியலுக்கு, ஆறு மாதம் வைத்திருந்த பிறகும், 87 ரூபாவை ஒட்டித்தான் விலை. சந்தையில் புது உண்டியல் 28 சதவீதத்துக்குக் கிடைக்கும்போது 8 சதவீதத்து உண்டியலை யார் நல்ல விலைக்கு வாங்குவார்கள்? அரசு ஒரு சதமும் குறைக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு விற்றிருந்தால் மாமாவின் முதலிலேயே ஓட்டை விழுந்திருக்கும்.

விற்கவில்லை. 91 நாள் உண்டியல் ஜூலை 22ஆம் திகதி முடிய இருந்ததால் மருத்துவரிடம் ஒரு கிழமை தவணை கேட்டோம். ஜூலை 22 அதிகாலை காலிமுகத்திடலில் போராட்டக்காரரின் கூடாரங்களைப் படையினர் அகற்றினார்கள். முந்திய நாள்தான் புதிய ஜனாதிபதி சத்தியப்பிரமாணம் செய்திருந்தார். அன்றைக்குக் காலையில் மாமாவின் கணக்கில் காசு விழுந்தது, சதம் குறையாமல், நேரத்துக்கு. மூன்று இலட்சத்தை எடுத்துக்கொண்டு மிகுதியை 30 சதவீதத்தை நெருங்கிய வட்டிக்குத் திரும்பவும் 91 நாளுக்குப் போட்டோம். அக்டோபரில் அது 32 சதவீதத்துக்குப் போனது.

அவசரத்துக்கு வேண்டிய காசைக் குறுந்தவணையில் வை என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அதன் கனத்தை அந்த ஜூலையில்தான் உணர்ந்தேன்.

காசு வந்தது, சாமான் வரவில்லை

2023 ஜனவரி 20ஆம் திகதி 364 நாள் உண்டியலும் முடிந்தது. 100 ரூபாவாக வைத்துக் கணக்குப் பார்த்தால் அது 108 ரூபா 30 சதம். அதே ஒரு வருடத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 51.7 சதவீதம் ஏறியிருந்தது. செப்டம்பரில் அது 69.8 சதவீதம் வரை போய்த் திரும்பியிருந்தது. ஆக, ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய கூடையில் இப்போது 71 ரூபாவுக்கான சாமானைத்தான் வாங்க முடியும். ஆபத்துக் குறைந்த முதலீட்டில், ஒரு நாள்கூடத் தவணை தவறாமல், மாமா கூடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இழந்தார்.

நான் மாமாவிடம் சரியாகச் சொல்லாமல் விட்டது இதைத்தான். அரசு தன் சொந்த நாணயத்தில் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாலும் நிச்சயம், ஏனென்றால் அந்த நாணயத்தைத் தன் மத்திய வங்கியைக் கொண்டு உருவாக்க அதனால் முடியும். இலங்கையில் அப்படியே நடந்தது. 2020இலும் 2021இலும் ஏலத்தில் விலைபோகாத உண்டியல்களை மத்திய வங்கி தானே வாங்கிக்கொண்டு புதுக் காசை வெளியில் விட்டது. வட்டி 5 சதவீதத்தில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம், விலைவாசி பின்னால் எகிறியதற்கும் அதுவே பெரிய காரணங்களில் ஒன்று. உண்டியலுக்குக் காசு தவறாமல் வரச்செய்கிற அதே வசதி, வந்த காசின் பெறுமதியைத் தின்றுவிட்டது. "திரும்பி வருமா?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு "என்னவாகத் திரும்பி வரும்?" என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன்.

91 நாள் பாதி அதே வருடத்தில் என்ன செய்தது? ஜனவரியில் 8, ஏப்ரலில் 20, ஜூலையில் 29 அளவு, அக்டோபரில் 32 என்று நாலு தரம் புதுப்பித்ததில் 100 ரூபா ஏறத்தாழ 124 ரூபாவாகியது. விலைவாசியைக் கழித்தால் கூடையில் 82. அதுவும் இழப்புத்தான். ஆனால் 71க்கும் 82க்கும் இடையில் இருக்கிற தூரம், பெரும் வட்டி ஏற்றத்தின்போது குறுந்தவணை கொடுத்த பாதுகாப்பு.

2023இல் காட்சி தலைகீழ். அந்த ஜனவரியில் 364 நாளுக்கு 29 சதவீதத்தை ஒட்டி வட்டி கிடைத்தது, 91 நாளுக்கு 30. பெரும்பாலானவர்கள் 91 நாளுக்கே ஓடினார்கள். வட்டியும் ஒரு புள்ளி கூட, மறுசீரமைப்பு வந்தால் சீக்கிரம் வெளியேறலாம் என்ற எண்ணமும் கூட. எனக்கும் அந்த ஆசை இருந்தது. மாமாதான் "பாதி பாதியாகவே இருக்கட்டும்" என்றார். மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் கொடுத்தது. ஜூன் மாதம் மத்திய வங்கி கொள்கை வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. 91 நாள் உண்டியல் ஏப்ரலில் 25, ஜூலையில் 20க்குக் கிட்ட, அக்டோபரில் 16 அளவு என்று இறங்கிக்கொண்டே போனது. 364 நாள் பாதி வருடம் முழுவதும் 29இல் உட்கார்ந்திருந்தது. குறுந்தவணைப் பாதி வருட முடிவில் 25ஐத்தான் எட்டியது.

அந்த ஐந்து நாள்

இப்போது மாமாவின் அந்தத் தொலைபேசி அழைப்புக்கு வருகிறேன். ஜூன் 29 வியாழன் ஹஜ் பெருநாள். வெள்ளிக்கிழமையை விசேட வங்கி விடுமுறையாக அறிவித்தார்கள். பிறகு சனி, ஞாயிறு, திங்கள் போயா (பௌர்ணமி விடுமுறை). உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாருடைய காசில் கை வைப்பார்கள் என்றுதான் தெரியாது. தாங்கள் விட்டுக்கொடுப்பதென்றால் உள்நாட்டிலும் விட்டுக்கொடுப்பு வேண்டும் என்று வெளிநாட்டில் இருந்து கடன் கொடுத்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாவின் 91 நாள் உண்டியல் ஜூலை 21இல் முடிய வேண்டும். மற்றது அடுத்த ஜனவரியில்.

ஜூன் மாதக் கடைசியில் விவரம் வெளியே வந்தது. ஜூலை 1ஆம் திகதி சனிக்கிழமை நாடாளுமன்றம் கூடி 122க்கு 62 என்ற வாக்குகளில் அதை ஏற்றது. பொதுமக்களும் வங்கிகளும் வைத்திருந்த திறைசேரி உண்டியல்கள் தொடப்படவில்லை. வங்கி வைப்புகள் தொடப்படவில்லை. மத்திய வங்கியின் கையில் இருந்த உண்டியல்களும் அரசுக்கு அது கொடுத்த முற்பணமும், சேர்த்துச் சுமார் 2.5 ட்ரில்லியன் ரூபா, பெரும்பாலும் நீண்டகால முறிகளாக (பல வருடத் தவணையுள்ள கடன் பத்திரங்களாக) மாற்றப்பட்டன. உள்நாட்டில் டொலரில் விற்கப்பட்ட இலங்கை அபிவிருத்தி முறிகளும் மறுசீரமைப்புக்குள் வந்தன. இவற்றோடு ஓய்வுகால நிதியங்கள் வைத்திருந்த திறைசேரி முறிகளும் சேர்க்கப்பட்டன. அதில் மிகப் பெரியது ஊழியர் சேமலாப நிதியம்.

மாமா நிம்மதியாக மூச்சு விட்டார். எனக்கு விட முடியவில்லை. மாமாவோடு அதே நிறுவனத்தில் அதே அறையில் வேலை செய்த நண்பர் ஒருவர் இருக்கிறார். மாமாவை விட மூன்று வயது இளையவர். 55 ஆகாததால் அவருடைய சேமலாபம் நிதியத்திலேயே இருந்தது. ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் 8 சதவீதம் அவர் பங்கு, 12 சதவீதம் நிறுவனத்தின் பங்கு. அந்தக் காசும் அரசுக்குக் கொடுத்த கடன்தான். அதே திறைசேரி, அதே ரூபா. ஆனால் நிதியத்தின் பழைய முறிகளைக் கொடுத்து 2027 முதல் 2038 வரை முடிகிற புதிய முறிகளை வாங்க வேண்டும். முதலில் 12 சதவீத வட்டி, அதன் பிறகு 9. சேராவிட்டால் நிதியத்தின் முறி வருமானத்துக்கு 14 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீத வரி. இதைத் தெரிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செப்டம்பரில் நிதியம் சேர்ந்தது. அங்கத்தவரின் மீதித் தொகை குறையாது, 9 சதவீதத்துக்குக் குறையாத வட்டி கிடைக்கும் என்று அரசு உறுதி சொன்னது. அதே வாரங்களில் மாமாவின் நீண்ட உண்டியல் 29 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் உண்டியலை விட்டார்கள், சேமலாபத்தைத் தொட்டார்கள்? வங்கிகள் ஏற்கெனவே வரியாலும் வாராக் கடனாலும் வெளிநாட்டு முறிகளாலும் அடி வாங்கியிருந்தன, அவற்றை மேலும் அழுத்தினால் வைப்பாளர்கள் ஓடுவார்கள் என்பது அரசின் வாதம். அந்த வாதத்தில் உண்மை உண்டு. உண்டியலைப் பொறுத்தவரை இன்னும் நேரடியான ஒரு காரணம் இருப்பதாக நான் நினைக்கிறேன். அரசு ஒவ்வொரு புதன்கிழமையும் ஏலத்துக்குப் போக வேண்டும். முடிகிற உண்டியலுக்குக் கொடுக்கிற காசை அடுத்த உண்டியலை விற்றுத்தான் பெரும்பாலும் எடுக்கிறது. ஒரு தரம் உண்டியல்காரரை ஏமாற்றினால் அடுத்த புதன்கிழமை யாரும் வர மாட்டார்கள், அடுத்த மாதச் சம்பளம் கொடுக்க முடியாது. உண்டியல் வைத்திருப்பவருக்கு மூன்று மாதத்தில் வெளியே போகிற வழி இருக்கிறது. சேமலாபத்தில் இருப்பவருக்கு ஓய்வு வயது வரை முழுத் தொகையோடு வெளியேறப் பொதுவாக வழி இல்லை. பாரம் வழி இல்லாதவர் மேல் இறங்கியது. தைத்த உடுப்புக்கும் பறித்த கொழுந்துக்கும் கிடைத்த கூலியில் இருந்து மாதாமாதம் கழித்த காசு அது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு இது இன்றுவரை ஆறவில்லை.

இரண்டு வருடக் கணக்கு

2024 ஜனவரி 19ஆம் திகதி இரண்டு பாதியும் ஒரே நாளில் முடிந்தன. 2023 ஜனவரியில் இருந்து வட்டியில் 5 சதவீதம் முற்பண வரியாகக் கழிந்தது, அதையும் சேர்த்தே கணக்குப் பார்த்தேன். அந்த இரண்டாம் வருடத்தில் விலைவாசி 6.4 சதவீதம் ஏறியிருந்தது. இரண்டு வருடமும் சேர்ந்து, முன்பு 100 ரூபாவுக்கு வாங்கிய கூடை 161 ரூபா.

அலமாரியில் காசை வைத்திருந்தால் அந்தக் கூடையில் 62 பங்குதான் மிஞ்சியிருக்கும். சேமலாப நிதியம் 2022க்கு 9 சதவீதமும் 2023க்கு 13 சதவீதமும் கொடுத்தது, ஆகவே நண்பரின் காசு 76 அளவில் நின்றது. மாமாவின் 364 நாள் பாதி 86. தொடர்ந்து புதுப்பித்த 91 நாள் பாதி 95. எல்லாம் தோராயம்தான், ஒரு புள்ளி அங்கே இங்கே இருக்கலாம். ஆனால் வரிசை மாறாது. அந்த வரிசையில் ஒருவரும் 100ஐத் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். நாட்டின் மிகப் பாதுகாப்பான முதலீடு, மிக மோசமான இரண்டு வருடத்தில், இழப்பைக் குறைத்தது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

91 நாள்தான் எப்போதும் நல்லது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் வருட ஏற்றம் அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் அது முந்தியது. 2023 ஜனவரியில் தொடங்கியவருக்கு 364 நாள்தான் வென்றது. வட்டி எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. பிரித்து வைத்ததுதான் காப்பாற்றியது.

வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியது

இந்தக் கதையில் எங்களுக்கு நேராத ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். உண்டியல் அரசினுடையது, ஆனால் அதை நாம் வாங்குவது வங்கி மூலம் அல்லது முதனிலை வணிகர் (அரசின் ஏலத்தில் நேரடியாக வாங்க அனுமதி பெற்ற நிறுவனம்) மூலம். 2016இல் ஒரு முதனிலை வணிகரிடம் கோளாறு வந்து, அதன் நிர்வாகத்தை மத்திய வங்கி வேறு கைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அரசு கடனைத் திருப்பிக் கொடுக்காததால் வந்த பிரச்சினை அல்ல அது. போட்ட காசுக்கு எதிராகப் பத்திரம் ஒழுங்காக ஒதுக்கப்படாததால் வந்தது.

அதனால் இரண்டு விடயம். ஒன்று, நேரடியாக உண்டியலை வாங்குகிறோமா, மீள்கொள்வனவு ஒப்பந்தத்தில் (விற்றதைப் பிறகு திரும்ப வாங்குவதாக நிறுவனம் செய்யும் ஒப்பந்தம்) காசு போடுகிறோமா என்று முதலே கேட்க வேண்டும். இரண்டாவதில் உண்டியல் வெறும் பிணை, நாம் கடன் கொடுப்பது அந்த நிறுவனத்துக்கு. வட்டி கொஞ்சம் வித்தியாசப்படும், மேசையில் பேசும்போது இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கும். அடுத்தது, 2004 முதல் உண்டியலுக்குக் கடதாசிப் பத்திரம் கிடையாது. மத்திய வங்கியின் லங்காசெக்யூர் பதிவேட்டில் உங்கள் பெயரில் பதிவாகும். அந்தப் பதிவைக் காட்டும் கூற்று (கணக்கு அறிக்கை) மத்திய வங்கியிடம் இருந்து உங்களுக்கு வர வேண்டும். வாங்கிய நிறுவனம் தருகிற பற்றுச்சீட்டோடு திருப்திப்படக் கூடாது. மாமா முதல் தடவை அந்தக் கூற்று வரும்வரை தினமும் தபால்காரரை விசாரித்தார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

வங்கி வைப்போடு ஒப்பிட்டுப் பலர் கேட்கிறார்கள். அந்த வருடங்களில் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான் இருந்தது. உண்டியலுக்கு அப்படி எல்லை கிடையாது, முழுத் தொகைக்கும் அரசுதான் பொறுப்பு. நிதிக் கம்பனிகளில் கூடிய வட்டிக்கு ஆசைப்பட்டுப் பட்ட பாடு வடக்கிலும் பல வீடுகளில் உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை.

அதற்குப் பிறகு

30 சதவீதத்தைப் பார்த்த கண்ணுக்குப் பிறகு வந்தது ஒன்றும் பிடிக்கவில்லை. 2023 கடைசியில் 364 நாள் உண்டியல் 13 சதவீதத்துக்குக் கீழே, 2024 கடைசியில் 9 சதவீதத்துக்குக் கீழே. "29 எங்கே, 9 எங்கே" என்று மாமா சலித்துக்கொண்டார். வட்டி வருமானத்தில் வாழ்கிறவருக்கு அது நிசமான கஷ்டம், மாதச் செலவுக்கு வருகிற தொகை மூன்றில் ஒன்றாகிவிட்டது. 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் பிடிக்கும் வரியும் 10 சதவீதமாகியது.

ஆனால் நான் அவருக்குக் காட்டியது இன்னொரு கணக்கு. 2022 செப்டம்பரில் உண்டியல் 30க்கு மேல் கொடுத்தபோது விலைவாசி 70க்குக் கிட்ட ஏறியிருந்தது. 2024 டிசம்பரில் உண்டியல் 9, விலைவாசி ஒரு வருடத்துக்கு முன் இருந்ததை விட 1.7 சதவீதம் குறைவு. சாமான் வாங்கும் சக்தியில் பார்த்தால் இந்த 9தான் பெரிய வட்டி. மாமா நம்பவில்லை. மாமிதான் அரிசி விலையையும் தேங்காய் விலையையும் எழுதி வைத்திருந்த கொப்பியை எடுத்து வந்தார். தேங்காய் விலை என் கணக்குக்கு எதிராகவே சாட்சி சொன்னது. மற்றவை ஒத்துவந்தன.

இப்போது காசு நாலு பங்காக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு பங்கு முடியும்படி 364 நாள் உண்டியல்களை அடுக்கியிருக்கிறோம். அவசரச் செலவுக்கு ஒரு தொகை சேமிப்புக் கணக்கில். புதன்கிழமை பின்னேரம் ஏல முடிவை மாமா தானே மத்திய வங்கியின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டு எனக்குச் சொல்கிறார்.

ஒரு வேலை மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. பதிவேட்டில் கணக்கு மாமாவின் தனிப்பெயரில்தான் கிடக்கிறது. அவருக்கு ஏதாவது நடந்தால் அந்தக் காசை எடுக்க மாமி நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும். கூட்டுப் பெயருக்கு மாற்றுகிற படிவம் போன மாதமே மேசையில் வந்துவிட்டது. மாமி கையெழுத்துப் போட்டுவிட்டார். மாமா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.